அட்டவள் உண்டாளா?

விருந்தோம்பலைத் தமிழரின் தலையாய பண்பென்று போற்றாத நூல் இல்லை. போற்றாத மேடையும் இல்லை. வள்ளுவப் பெருந்தகை அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். ஆற்றுப்படை நூல்கள் வள்ளல்கள் வழங்கிய சோற்றையும் ஊனையும் நாவூற விரித்துரைத்தன. ஆயின், விருந்தினர் எவரும் வாராத ஒரு நாளில், எளிய இல்லம் ஒன்றில், கணவனும் மனைவியும் மக்களும் உண்ட உணவைப் பற்றி நம் இலக்கியம் என்ன கூறுகின்றது? விருந்தைப் பற்றி நாம் எழுதிய அளவுக்கு இதனைப் பற்றி எழுதவில்லை என்றே தோன்றுகிறது.

அடுதல் என்றால் சமைத்தல். அடுப்பு, அடுக்களை, அடிசில் ஆகிய சொற்களெல்லாம் அவ்வேரில் கிளைத்தவை. அட்டவள் என்றால் சமைத்தவள். இல்லத்து உணவைப் பாடிய சில இடங்களை எடுத்துக்கொண்டு, அவ்விடங்களில் எல்லாம் ஒரே வினாவைக் கேட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அட்டவள் உண்டாளா? வினா சிறிதுதான். எனினும் அது நம்மை எங்கெங்கோ அழைத்துச் செல்கின்றது. முடிவில் சாம்பியன் ரீப்ஸ் சுரங்க லைன் வீடு ஒன்றின் அடுக்களையில் கொண்டுவந்து நிறுத்துகின்றது.

புகை படிந்த கண்கள்

முதலில் குறுந்தொகைக்குச் செல்வோம். 167ஆம் பாடல் கூடலூர் கிழார் பாடியது. புதுமணம் புரிந்த மகளின் இல்வாழ்க்கையைக் கண்டுவந்த செவிலித்தாய், அதனை நற்றாய்க்கு எடுத்துரைக்கும் முறையில் அமைந்தது. முற்றிய தயிரை அப்பெண் மெல்விரல்களால் பிசைகின்றாள். பிசைந்த விரலை உடுத்திய ஆடையிலேயே துடைத்துக்கொள்கின்றாள். ஆடையை மாற்றவும் அவளுக்கு நேரமில்லை. தாளிப்பின் புகை குவளை போன்ற கண்களில் படிகின்றது. தானே துழாவி ஆக்கிய புளிக்குழம்பைக் கணவன் சுவைத்து உண்கின்றான். அதைக் கண்டு அவள் முகம் நுண்ணிதாக மலர்கின்றது. பாட்டு அவ்வளவே.

பிறந்த வீட்டில் செல்வமாக வளர்ந்தவள் அடுக்களைக்கு வந்து தேறிவிட்டாள் என்ற செய்தி தாய்க்குச் செல்கின்றது. ஆடையில் துடைத்த கையைக் குறையாகக் கூறாமல், அவளது ஈடுபாட்டுக்குச் சான்றாகக் காட்டியதில் புலவரின் உலகியல் அறிவு விளங்குகின்றது. அடுக்களையில் ஒரு நாளேனும் நின்று பார்த்தவர்க்கே அந்தக் காட்சி கைவரும். இனி நம் வினாவைக் கேட்போம். கணவன் உண்டான், அவள் மகிழ்ந்தாள். அவள் உண்டது எப்போது? பாட்டில் விடையில்லை.

புறநானூற்று 188ஆம் பாடல் பாண்டியன் அறிவுடைநம்பி பாடியது. குறுகுறுவென நடந்து வந்து, கை நீட்டி, உணவை அளைந்து, நெய்ச்சோற்றை மெய்யெங்கும் பூசிக்கொள்ளும் குழந்தையை அப்பாட்டில் காண்கின்றோம். தமிழிலே குடும்பச் சாப்பாட்டுக்கு இதனினும் உயிருள்ள ஓவியம் கிடைத்தல் அரிது. பாடியவன் அரசன். அவனோடு பலர் உண்கின்றனர். குழந்தை சிதறிய சோற்றைத் துடைத்தெடுத்தவள் யாரென்று அவன் கூறவில்லை.

திறந்த வாயிலும் அடைத்த கதவும்

பத்துப்பாட்டை உ. வே. சாமிநாதையர் 1889ஆம் ஆண்டில் முதன்முதலாகப் பதிப்பித்து வெளியிட்டார். அதில் உள்ள இரு பாணாற்றுப்படைகளும் வறியோர் அடுக்களையை நமக்குக் காட்டுகின்றன.

பெரும்பாணாற்றுப்படை காஞ்சியில் இருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பற்றியது. பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். அதில் வரும் எயிற்றியர், இரும்புப் பூண் செறிந்த கோலால் கரம்பு நிலத்தைக் குத்திக் கிளறி, எறும்புகள் சேர்த்து வைத்த புல்லரிசியைத் தேடி எடுக்கின்றனர். அதனை நிலத்தில் குழித்த உரலில் இட்டுக் குற்றி, உவர்நீரை உலையாக வார்த்து, வாடிய ஊனோடு ஆக்கி, வழிப்போக்கனாகிய பாணனுக்கும் தருகின்றனர். தங்கவயலில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் மிகப் பலவும் பழைய தொண்டை மண்டலமாகிய வட ஆர்க்காட்டுப் பகுதியிலிருந்து வந்தவையே. எனவே நிலத்தை இரும்பால் கிண்டி வயிறு வளர்த்த அந்த எயிற்றியரைப் படிக்குந்தோறும் அயலாரைப் பற்றிப் படிப்பதாக நமக்குத் தோன்றுவதில்லை. வாடூன் என்பது நம் லைன் வீடுகளில் கூரைக்கயிற்றில் தொங்கிய உப்புக்கண்டமே அன்றி வேறன்று.

சிறுபாணாற்றுப்படை நத்தத்தனார் பாடியது. ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் போற்றுவது. வள்ளலைக் காணுமுன் இருந்த வறுமையைப் பாணன் ஒருவன் கூற்றில் புலவர் விளக்குகின்றார். அடுக்களைச் சுவர் கரைந்து விழுகின்றது; அங்கே காளான் பூத்திருக்கின்றது. ஈன்ற நாய், பாலின்றிக் குட்டிகளைக் கண்டு குரைக்கின்றது. பசியால் ஒடுங்கிய கிணைமகள் குப்பைமேட்டில் முளைத்த வேளைக் கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்பும் இன்றி வேகவைக்கின்றாள். இந்த உணவைப் புறங்கூறுவோர் காணலாகாது என்று நாணிக் கதவை அடைக்கின்றாள். அடைத்தபின் தன் சுற்றத்தோடு ஒருங்கே உண்கின்றாள்.

இவ்விடத்தில் அன்பர்கள் சற்று நிற்றல் வேண்டும். நாம் எடுத்துக்கொண்ட இடங்களுள், அட்டவள் மற்றவரோடு உடனிருந்து உண்டாள் என்று வெளிப்படையாகக் கூறப்படுவது இங்கேதான். தயிரும் தாளிப்பும் உள்ள வீட்டில் அவள் நின்று பார்த்தாள். நெய்ச்சோறு சிதறும் அரண்மனையில் அவள் கண்ணுக்கே தெரியவில்லை. உப்பில்லாக் கீரை உள்ள வீட்டில் அவளும் உண்டாள். இதனைக் கொண்டு வறுமையே நல்லது என்று முடிவு கட்டுவோர் அறிவிலிகள். புலவர் அக்கதவை அடைத்துக் காட்டியது அந்த வீட்டின் வெட்கத்தை நாம் உணர்வதற்கே. எனினும் அடைத்த கதவுக்குள் ஒரு சமத்துவம் இருந்தது என்பதையும் அவர் மறைக்கவில்லை.

கொலைக்களக் காதையில் ஓர் உணவு

சிலப்பதிகாரத்தில் கண்ணகி சமைக்கும் காட்சி ஒன்றே ஒன்று. இளங்கோவடிகள் அதனைப் புகாரில், செல்வம் நிறைந்த மாளிகையில் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. மதுரைப் புறஞ்சேரியில், ஆய்ச்சியர் குடியில், மாதரி அளித்த சிறு மனையில் வைத்தார். அக்காதைக்குக் கொலைக்களக் காதை என்பது பெயர்.

கோவலன் சாவக நோன்பு உடையவன் ஆதலின், அவன் உணவுக்கெனப் புதுக்கலங்களை ஆய்மகளிர் தருகின்றனர். பலாக்காயும் வெள்ளரியும் மாதுளங்காயும் மாங்கனியும் வாழைக்கனியும் சாலி அரிசியும் ஆவின் பயனும் வந்து சேர்கின்றன. கண்ணகி காய்களை அரிவாளால் அரிகின்றாள், மெல்விரல் சிவக்கின்றது. ஐயை மூட்டிய வைக்கோல் தீயின் முன்னே முகம் வியர்க்கின்றது, கண் சிவக்கின்றது. பனையோலைத் தடுக்கில் கணவனை அமர்த்தி, நிலத்தில் நீர் தெளித்து, குமரி வாழையின் குருத்திலை விரித்து உணவிடுகின்றாள். அவன் உண்டு முடித்தபின் வெற்றிலையும் பாக்கும் தருகின்றாள். பின்னர் அவன் சிலம்பொன்றை வாங்கிக்கொண்டு கடைவீதிக்குப் புறப்படுகின்றான். திரும்பி வரவில்லை.

உரையாசிரியர்கள் காய்களின் பெயரை ஆராய்ந்தனர். சமய ஆராய்ச்சியாளர் சாவக நோன்பை ஆராய்ந்தனர். அவையெல்லாம் வேண்டியவையே. ஆயினும் இந்தக் காதையை ஒரு சுரங்க ஊரிலிருந்து படிப்பவர்க்கு வேறொன்று புலப்படும். சாம்பியன் ரீப்ஸ் சுரங்கம் நிலமட்டத்திற்குக் கீழே 3,000 மீட்டருக்கும் அதிகமான ஆழம் சென்றது. அவ்வாழத்தில் பாறையின் அழுத்தம் தாங்காமல் ராக் பர்ஸ்ட் எனப்படும் பாறை வெடிப்பு நேரும். அது நேர்ந்தால் மேலே லைன் வீடுகளிலும் அலமாரிப் பாத்திரங்கள் கலகலக்கும். அடுப்பில் உள்ளதை அப்படியே விட்டுப் பெண்கள் ஷாப்ட் வாயிலுக்கு ஓடுவர். கணவன் கையில் காலையில் கொடுத்தனுப்பிய தூக்குச்சட்டி திரும்பி வருமா என்று அறியாமலே நூறாண்டுக்கு மேல் இவ்வூர்ப் பெண்கள் சமைத்தனர். ஆதலால், இல்லத்து உணவையும் கொலைக்களத்தையும் இளங்கோவடிகள் ஒரே காதையில் வைத்ததன் காரணத்தை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. பிரிவதற்கு முன் நிகழ்ந்த எளிய உணவு பிரிவுக்குப் பின்னர்ப் பெரிதாகி நிற்கும் என்பதை அடிகள் அறிந்திருந்தார்.

இன்னொன்றும் உண்டு. உணவுக்குப் பின் கோவலன் தன் குற்றங்களை எண்ணி வருந்துகின்றான். கண்ணகி மறுமொழி கூறும்போது, அவன் பிரிந்திருந்த காலத்தில் அறவோர்க்கு அளித்தலையும் விருந்தினரை எதிர்கொள்ளுதலையும் தான் இழந்ததைச் சுட்டுகின்றாள். அவள் தன் இழப்பாகச் சொன்னவை எல்லாம் பிறரை ஊட்டிய செயல்களே. தன் பசியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அன்று அவளும் உண்டாள் என்று காப்பியம் கூறவில்லை. கணவன் உண்ட காட்சியை இலையும் நீரும் தடுக்கும் உட்பட வரைந்த அடிகள், இதனை மறந்து விட்டிருப்பார் என்று கொள்வதற்கில்லை. சொல்லாமல் விட்டதால் கண்ணகி நம் கண்முன்னே இன்னும் உண்ணாமலே நிற்கின்றாள்.

அட்டையில் ஒரு பெயர்

பழம்பாடல்களிலிருந்து இருபதாம் நூற்றாண்டு உரைநடைக்கு வருவோம். சமையற் கலைக்கு நாம் வைத்துள்ள பெயர்கள் நளபாகம், வீமபாகம் என்பன. இரண்டும் ஆடவர் பெயர்கள். இருவரும் அரசர் குலத்தவர். நாள்தோறும் அடுப்பூதியவள் பெயரால் ஒரு பாகமும் வழங்கவில்லை. குறுந்தொகைப் பெண்ணுக்குப் பெயரில்லை. கிணைமகளுக்கும் எயிற்றியர்க்கும் பெயரில்லை.

இக்குறையை ஓரளவு நீக்கிய நூல் எஸ். மீனாட்சி அம்மாள் எழுதிய 'சமைத்துப் பார்'. முதற்பாகம் 1951ஆம் ஆண்டில் வெளிவந்தது. இளமையிலேயே கணவரை இழந்த அவ்வம்மையார், கூட்டுக்குடும்பத்தில் தாம் பெற்ற கைப்பக்குவத்தை எழுத்தில் வடித்தார். வேலை நிமித்தம் பம்பாய்க்கும் டில்லிக்கும் குடும்பங்கள் தனித்தனியே பெயர்ந்த காலம் அது. மாமியாரும் தாயாரும் அருகில் இல்லாத இளம்பெண்ணுக்கு அந்நூல் பக்கத்தில் நின்று பேசியது. நூலின் பெயரே முன்னிலையில் ஏவுகின்றது. அதனைச் சமையற் குறிப்பென்று ஒதுக்காமல், தமிழ் உரைநடை வரலாற்றில் ஓர் இடம் கொடுத்தல் தகும் என்பது நம் கருத்து. நாவும் மூக்கும் கையும் அறிந்த ஒன்றை அளவும் வரிசையும் உள்ள வாக்கியங்களாக்குவது எளிய செயலன்று. படி, ஆழாக்கு, பலம் என்ற பழைய அளவுகளை, 1956ஆம் ஆண்டின் மெட்ரிக் அளவைச் சட்டத்திற்குப் பின் பிறந்த நம்மவர்க்கு நினைவூட்டுவதும் அந்நூலே.

அதன் எல்லையையும் கூறுதல் திறனாய்வாளன் கடமை. அது முற்றும் மரக்கறி நூல். ஒரு குலத்தாரின் அடுக்களையை உண்மையாக எழுதியது. கருவாடும் உப்புக்கண்டமும் கேழ்வரகுக் களியும் அதில் இடம்பெறவில்லை என்று குறை கூறுவது முறையாகாது. தம் அடுக்களையை அவர் எழுதினார். நம் அடுக்களையை நாம் எழுதவில்லை. குறை நம்முடையது.

நமக்குத் திருமணமான புதிதில் அந்நூல் நம் இல்லத்திற்கு வந்தது. எழுத்தறியாத நம் அன்னையார்க்கு ஒரு மாலை குழம்புப் பகுதி ஒன்றை வாசித்துக் காட்டினோம். கண்ணை மூடிக் கேட்டவர், "புளி பழசா, புதுசா?" என்றார். நாம் விழித்தோம். "எத்தினி பேருக்கு ஆக்கறாங்க?" என்றார். அதற்கும் விழித்தோம். "சரி, நல்லாத்தான் சொல்றாங்க. மேல படி கண்ணு" என்றார். புதுப்புளிக்கு நிறம் குறைவு, பழம்புளிக்குக் கருமை மிகுதி, அளவு அதற்கேற்ப மாறும் என்பதெல்லாம் நமக்கு அன்றுதான் தெரிந்தது. அன்னையாரை நாம் வினவிய முதல் சமையற்பாடமும் அன்றுதான். அதுவரை உண்டதோடு சரி.

நம் வயலின் அடுக்களை

1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் இங்கே சுரங்கத் தொழிலை மேற்கொண்டனர். 1902ஆம் ஆண்டில் சிவசமுத்திரத்திலிருந்து சுரங்கங்களுக்கு மின்சாரம் வந்தது. தொழிலாளர் லைன்களின் அடுப்புக்கு விறகும் கரியுமே வந்தன. ஊரைச் சுற்றிலும் சயனைடு மண்மேடுகள். காற்றடித்தால் சோற்றுப்பானையை இருமுறை மூட வேண்டும்.

கோலார்ச் சீமை கேழ்வரகு விளையும் மண். களியே நம் அன்றாட உணவு. நொய்யை வேகவிட்டு, மாவைக் கொட்டி, பானையைக் கவைக்கோலால் அழுத்திப் பிடித்துத் துடுப்பால் கிண்டுவதற்கு உடல்வலிமை வேண்டும். கட்டி விழுந்தால் உண்பவர் தொண்டை காட்டிக்கொடுத்துவிடும். உடன் கடைந்த கீரை. மழைக்காலத்தில் ஏரிக்கரையிலும் கரம்பிலும் பறித்த பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குப்பைக்கீரை எல்லாம் கலந்து கடைசட்டியில் மசியும். கிணைமகளின் கீரைக்கும் இதற்கும் இடையே உப்பும் மிளகாயுமே வேறுபாடு. எஞ்சிய களி மறுநாள் காலை மோரிலோ நீரிலோ கரைந்து கூழாகும்.

மார்கழி, தை மாதங்களில் அவரைப்பருப்பு வரும். உரித்த பச்சைப் பருப்பை இரவெல்லாம் நீரில் ஊறவிட்டு, காலையில் ஒவ்வொன்றாய் விரலால் பிதுக்கினால் தோல் கழன்று பருப்பு நழுவி விழும். அதுவே பிதுக்குப் பருப்பு. கன்னடத்தார் ஹிதகபேளே என்பர். வட ஆர்க்காட்டாரும் கோலாராரும் ஒருவர்க்கொருவர் உறவென்று காட்ட இந்த ஒரு குழம்பு போதும். தேங்காயும் தனியாவும் பூண்டும் இஞ்சியும் பட்டையும் கிராம்பும் அரைத்து விட்டால் லைன் முழுதும் மணக்கும். ஒருவரே உட்கார்ந்து பிதுக்கி முடிக்க இயலாது. பிள்ளைகளும் அண்டை வீட்டாரும் கூடி அமர்வர். நம் அடுக்களையில் பிறர் கைபட்ட வேலை ஆண்டுக்கு அந்த இரண்டு மாதமே.

நம் தந்தையார் சுரங்கத் தொழிலாளி. ஷிப்டு மாறும்போதெல்லாம் வீட்டின் உணவு நேரமும் மாறும். சங்கு ஊதியதும் அன்னையார், "நைனா வராரா பாரு" என்று நம்மை வாயிலுக்கு அனுப்புவார். தந்தையார் குளித்து வந்து உண்பார். பிறகு பிள்ளைகள் உண்போம். நாங்கள் உறங்கச் சென்றபின் அடுக்களையில் பானை சுரண்டும் ஒலி கேட்கும். அடிப்பற்றியதை அன்னையார் நீர் தெளித்துச் சுரண்டி உண்கின்றார் என்பது நமக்குத் தெரியும். தெரிந்தும் ஒருநாளும் எழுந்து சென்று பார்த்ததில்லை. பட்டப்படிப்பில் கொலைக்களக் காதை நமக்குப் பாடமாயிருந்தது. கண்ணகியின் விரல் சிவந்ததைப் பற்றித் தேர்வில் இரண்டு பக்கம் எழுதி மதிப்பெண் பெற்றோம்.

2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. தந்தையார் வேலை இழந்தார். சங்கு நின்றது. அதன்பின் வந்த மாதங்களில் நம் இல்லத்தில் குழம்பு தண்ணீராயிற்று. பல நாள் களிக்குக் கீரையே துணை. அண்டை வீட்டார் பார்க்கலாகாதென்று அன்னையார் கதவைச் சாத்தியதும் உண்டு. ஓர் இரவு தந்தையார் தட்டின் முன் அமர்ந்து, உண்ணாமலே இருந்தார். "நீயும் உட்காரு" என்றார். "நீங்க சாப்புடுங்க" என்றார் அன்னையார். தந்தையார் மீண்டும், "உட்காரேன்" என்றார். அன்னையார் அமர்ந்தார். இருவரும் ஒருசேர உண்டதை நாம் கண்ட முதல் இரவு அது. நத்தத்தனாரின் அடைத்த கதவு நமக்கு விளங்கியதும் அன்றே. அந்த நாட்கள் திரும்ப வேண்டுமென்று நாம் விரும்பவில்லை. அந்த ஒரு வழக்கம் மட்டும், வறுமை நீங்கிய பின்னும், தந்தையார் மறையும்வரை நம் இல்லத்தில் நிலைத்தது.

செய்யத்தக்கது

சாம்பியன் ரீப்ஸ் தமிழ் நூலுக்கு அயலான ஊரன்று. அயோத்திதாசப் பண்டிதரின் நூல்களைச் சித்தார்த்த புத்தகசாலை இவ்வூரிலிருந்து அச்சிட்டு வழங்கியது. அத்தகைய ஊரில் நம் அடுக்களைக்கு ஒரு நூல் இல்லை. இன்று நம் பிள்ளைகள் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று, இரவு திரும்புகின்றனர். துடுப்புப் பிடிக்கத் தெரிந்த கைகள் முதுமை எய்திவிட்டன. நம் அன்னையார் விரல்கள் இப்போது பருப்பைப் பிதுக்கும் வலுவின்றி நடுங்குகின்றன.

ஆதலின் தமிழ்ச் சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு லைனிலும் உள்ள மூத்த பெண்டிரிடம் சென்று, அவர்கள் ஆக்கியவற்றை அவர்கள் சொற்களிலேயே எழுதி வாங்குவோம். மரக்கறியென்றும் புலாலென்றும் பிரிக்காமல், உப்புக்கண்டமும் கருவாட்டுக் குழம்பும் களியும் பிதுக்குப் பருப்பும் இருந்தபடியே இடம்பெறட்டும். ஒவ்வொரு குறிப்பின் மேலும் ஆக்கியவர் பெயரை இடுவோம். புளி பழையதா புதியதா, எத்தனை பேருக்கு என்ற இரண்டையும் மறவாமல் கேட்போம்.

மூன்றாவதாக ஒன்றையும் கேட்டல் வேண்டும். இவையெல்லாம் ஆக்கி முடித்தபின், அம்மா, நீங்கள் எப்போது சாப்பிட்டீர்கள்? பழம்புலவர் பெரும்பாலும் எழுதாது விட்ட அந்த விடையை நாமேனும் எழுதி வைப்போம்.